இல்லக் கல்வியும் தமிழ்ப் பாடமும்: சிங்கப்பூர்க் கட்டாயக் கல்விச் சட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாமா என்னும் வினா பலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனினும், தமிழர்க்கு இது முற்றிலும் புதிய வினா எனக் கூறுவதற்கில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களும், ஆசிரியரைத் தேடிச் சென்று அவருடன் தங்கிப் பயின்ற குருகுல முறையும் நம் கல்வி வரலாற்றில் நெடுங்காலம் வழங்கியவையே. ஆனால், இக்காலத்து இல்லக் கல்வியை அவற்றின் தொடர்ச்சியாகக் கொள்ள இயலாது. அன்றைய கல்விக்கு அரசின் ஒப்புதல் தேவைப்படவில்லை, பொதுத்தேர்வும் இல்லை. இன்றைய இல்லக் கல்வியோ சட்டம், பாடத்திட்டம், தேர்வு ஆகிய மூன்றுக்கும் உட்பட்டு நிற்கிறது.

இல்லக் கல்வி என இக்கட்டுரையில் நாம் குறிப்பது, பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு மாலையில் அளிக்கப்படும் துணைப்பாடத்தை அன்று. பள்ளியில் சேர்க்காமலே பெற்றோர் தம் பொறுப்பில் வீட்டில் அளிக்கும் முழுநேரக் கல்வியையே ஆகும். உடல்நலம், பிள்ளையின் கற்றல் வேகம், தனித்திறன், சமய நம்பிக்கை, பெற்றோரின் கல்விக் கொள்கை எனப் பல காரணங்கள் இம்முடிவுக்குப் பின்னால் இருக்கலாம். அக்காரணங்களின் நன்மை தீமையை எடைபோடுவது நம் நோக்கமன்று. சிங்கப்பூரில் இம்முடிவை எடுக்க விழையும் குடும்பத்திடம் சட்டம் எவற்றை எதிர்பார்க்கிறது என்பதையும், அவ்வெதிர்பார்ப்பில் தமிழ்ப் பாடம் வகிக்கும் இடத்தையும் விளக்குவதே நம் நோக்கமாகும். ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்குத் திட்டமிட்ட பின் தமிழைப் பற்றிச் சிந்திக்கலாம் எனப் பெற்றோர் கருதுவது இயல்பு. அவ்வரிசையைத் தலைகீழாக்கித் தமிழை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே காண்போம்.

சட்டமும் அதன் நோக்கங்களும்

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் பின் பிறந்து, ஆறு வயதைக் கடந்து பதினைந்து வயதை எட்டாத, சிங்கப்பூரில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள் அனைவரும் தேசியத் தொடக்கப்பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். விலக்குப் பெறாமல் இக்கடமையிலிருந்து தவறும் பெற்றோர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டால், 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவ்விதியில் இரண்டு சொற்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஒன்று, குடிமகன் என்பது. மற்றொன்று, வசிக்கும் என்பது. நிரந்தரவாசிகளின் பிள்ளைகளும், வேலை அனுமதி பெற்றுப் பணிபுரிவோரின் பிள்ளைகளும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அவ்வாறே, வெளிநாட்டில் வாழும் சிங்கப்பூர்க் குடும்பத்தின் பிள்ளையும் அங்கு வாழும் காலத்தில் இதற்கு உட்படுவதில்லை. பெற்றோர் இருவரும் தமிழகத்திலிருந்து வந்தவராயினும், பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இங்கு வசித்தால் சட்டம் அப்பிள்ளைக்குப் பொருந்தும். ஆகவே, ஒரு குடும்பம் முதலில் அறிய வேண்டுவது பெற்றோரின் நிலையை அன்று. பிள்ளையின் குடியுரிமை நிலையையே.

கட்டாயக் கல்விக்கு இரண்டு நோக்கங்கள் கூறப்பட்டுள்ளன. பிள்ளைகள் அனைவருக்கும் மேற்கல்விக்கும் பயிற்சிக்கும் அடித்தளமாக அமையும் பொதுவான அறிவை அளிப்பது முதல் நோக்கம். நாட்டுணர்வையும் ஒற்றுமையையும் வளர்க்கும் பொதுவான கல்வி அனுபவத்தை அளிப்பது இரண்டாம் நோக்கம். முதலாவது அறிவைச் சார்ந்தது. இரண்டாவது உடனிருத்தலைச் சார்ந்தது. பல இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து, ஒரே உணவகத்தில் உண்டு, ஒரே திடலில் விளையாடி வளர்வதைப் பள்ளி தன் இயல்பிலேயே நிகழ்த்துகிறது. வீடு அதனைத் திட்டமிட்டே நிகழ்த்த வேண்டும். இல்லக் கல்விக்கான நிபந்தனைகள் யாவும் இவ்விரு நோக்கங்களிலிருந்து பிறந்தவை என்பதை உணர்ந்தால், அவை ஏன் அவ்வாறு அமைந்துள்ளன என்பது எளிதில் விளங்கும்.

விலக்கின் இயல்பு

தேசியப் பள்ளிக்குச் செல்வதிலிருந்து சட்டம் சிலருக்கு விலக்களிக்கிறது. சான் யூ அட்வென்டிஸ்ட் பள்ளியும் முழுநேர மதரசாக்கள் ஆறும் குறிப்பிடப்பட்ட பள்ளிகளாக ஏற்கப்பட்டுள்ளன. அவற்றில் பயிலும் பிள்ளைகள் விலக்குப் பெறலாம். இல்லக் கல்வி பெறும் பிள்ளைகள் மற்றொரு வகையினர். மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் தொடக்கத்தில் சட்டத்திற்கு வெளியே இருந்தனர். 2019ஆம் ஆண்டு முதல் அவர்களும் கட்டாயக் கல்வி வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டனர்.

இல்லக் கல்வி விலக்கு தானாகக் கிடைப்பதன்று. பெற்றோர் கல்வி அமைச்சின் கட்டாயக் கல்விப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைக்கு யார் கற்பிப்பர், அவர்தம் கல்வித் தகுதிகள் யாவை, ஒவ்வோர் ஆண்டும் எவ்வெப் பாடங்கள் எந்நோக்கத்துடன் கற்பிக்கப்படும், அவற்றின் விளைவாகப் பிள்ளை எவற்றைச் செய்யவல்லதாகும், நாள்தோறும் எவ்வளவு நேரம் கற்பித்தல் நிகழும் என்பன போன்ற விவரங்களைச் சான்றுகளுடன் முன்வைக்க வேண்டும். மேலே கூறிய இரு நோக்கங்களையும் அப்பாடத்திட்டம் நிறைவேற்றும் என்று அமைச்சு மனநிறைவு கொண்டால்தான் விலக்குக் கிடைக்கும். நாட்டுணர்வும் குடிமைப் பண்பும் அதில் எவ்வாறு இடம்பெறும் என்பதும் காட்டப்பட வேண்டும். விலக்குக் கிடைத்த பின்னரும் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பெற்றோர் ஆண்டுதோறும் அறிக்கையாக அளிப்பதும், அதிகாரிகள் வீட்டிற்கு வந்து காண்பதும் இவ்வேற்பாட்டின் பகுதிகளாம்.

சிங்கப்பூரில் பிள்ளை ஏழு வயதை அடையும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்கிறது. அதற்கான பதிவு முந்திய ஆண்டிலேயே நடைபெறுகிறது. எனவே, ஆறாண்டுப் பாடத்திட்டத்தை எண்ணி எழுதுவதற்குப் பெற்றோருக்குக் கிடைக்கும் காலம் அவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. பிள்ளை பாலர் பள்ளியில் இருக்கும்போதே இச்சிந்தனை தொடங்குவது நன்று.

இவ்விவரங்களைத் தொகுத்து நோக்கினால், விலக்கு என்னும் சொல் சற்று ஏமாற்றக்கூடியது எனலாம். பிள்ளை பள்ளிக் கட்டடத்திற்குச் செல்வதிலிருந்துதான் விலக்குப் பெறுகிறது. கற்பதிலிருந்தும் கற்றதை மெய்ப்பிப்பதிலிருந்தும் அது விலக்குப் பெறவில்லை. பள்ளியில் தலைமையாசிரியர், பாட ஆசிரியர்கள், பாடத்திட்ட வல்லுநர்கள், ஆலோசகர்கள் எனப் பலர் பகிர்ந்து சுமக்கும் பொறுப்பு, இங்கே ஒரு தாயின் தோளிலோ தந்தையின் தோளிலோ வந்து தங்குகிறது.

இறுதியாண்டுத் தேர்வு என்னும் அளவுகோல்

1960ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை இல்லக் கல்வி பெறும் பிள்ளையும் எழுத வேண்டும். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகிய நான்கும் தேர்வுப் பாடங்கள். எழுதினால் மட்டும் போதாது. குறிப்பிட்ட அளவுகோலையும் எட்ட வேண்டும். அதே ஆண்டில் நான்கு பாடங்களையும் பொது நிலையில் எழுதிய மாணவர் அனைவரையும் மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்தினால், நூற்றுக்கு 33ஆம் இடத்தில் வரும் மதிப்பெண்ணே அவ்வளவுகோலாகும். அதாவது, பள்ளி மாணவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் காட்டிலும் இல்லக் கல்விப் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்பது பொருள்.

இவ்வளவுகோலின் இரு தன்மைகளைப் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, இது முன்கூட்டியே அறிவிக்கப்படும் நிலையான மதிப்பெண் அன்று. அவ்வாண்டு மாணவர் அனைவரும் எழுதி முடித்த பின்னரே அது உறுதியாகிறது. ஆகவே, எல்லைக்கோட்டை மட்டும் தொட்டுவிடலாம் என்னும் கணக்கில் ஆயத்தம் செய்வது பாதுகாப்பற்றது. இரண்டாவது, அது நான்கு பாடங்களின் கூட்டுத் தொகையைப் பொறுத்தது. 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரையிலான அடைவுநிலைகள் அளிக்கப்படுகின்றன. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் முதல் நிலை. 20க்குக் கீழ் பெற்றால் எட்டாம் நிலை. நான்கு பாடங்களின் நிலைகளைக் கூட்டினால் மிகச் சிறந்த தொகை 4, மிகத் தாழ்ந்தது 32 ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பிள்ளை ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் நான்காம் நிலையைப் பெறுகிறது எனக் கொள்வோம். தமிழிலும் நான்காம் நிலையைப் பெற்றால் தொகை 16. தமிழில் 45 மதிப்பெண்ணுக்குக் கீழிறங்கி ஏழாம் நிலையைப் பெற்றால் தொகை 19. மற்ற மூன்று பாடங்களில் எம்மாற்றமும் இல்லாமலே, தமிழ் ஒன்றால் பிள்ளையின் நிலை மூன்று படி சரிந்துவிடுகிறது. நான்கு பாடங்களும் சம எடையுடையவை ஆதலால், தமிழை ஓரத்தில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இத்தேர்வு முறையில் இல்லை.

அளவுகோலை எட்டாத பிள்ளை பதினைந்து வயதை அடையும் வரை கட்டாயக் கல்வி வயதிலேயே இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. பெற்றோரின் ஆறாண்டு உழைப்பு அத்துடன் முற்றுப்பெறுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் ஆற்றலையே ஐயுறும் நிலையும் ஏற்படலாம். இங்குப் பணயமாக வைக்கப்படுவது பெற்றோரின் கொள்கை மட்டுமன்று. பிள்ளையின் தன்னம்பிக்கையும் ஆகும்.

தமிழ்ப் பாடத்தின் தனித்தன்மை

மற்ற மூன்று பாடங்களிலிருந்து தமிழ் எவ்வகையில் வேறுபடுகிறது? முதலாவதாக, கற்பிக்கும் கருவிகளின் அளவில் வேறுபடுகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்கு இல்லக் கல்விக்கெனவே ஆக்கப்பட்ட பாடத்தொகுதிகள் உலகின் பல நாடுகளிலிருந்து கிடைக்கின்றன. சிங்கப்பூர்க் கணிதப் பாடநூல்களைப் பிற நாட்டு இல்லக் கல்விக் குடும்பங்களும் விரும்பிப் பயன்படுத்துகின்றன. தமிழுக்கு அத்தகைய வளம் இல்லை. தமிழகப் பாடநூல்கள் மொழி அளவிலும் வாழ்க்கைச் சூழல் அளவிலும் சிங்கப்பூர்த் தேர்வுக்கு நேரடியாகப் பொருந்துவதில்லை. பாடத்திட்டத்தையும் தேர்வு அமைப்பையும் கல்வி அமைச்சும் தேர்வு மதிப்பீட்டுக் கழகமும் வெளியிட்டுள்ளன. ஆயினும், பாடத்திட்டம் என்பது பயண வரைபடமே. பிள்ளையின் கையைப் பற்றி நடத்திச் செல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாவதாக, தேர்வின் அமைப்பில் வேறுபடுகிறது. தமிழ்த் தேர்வில் கட்டுரை, மொழிப் பயன்பாடும் கருத்தறிதலும், வாய்மொழி, கேட்டல் கருத்தறிதல் ஆகிய கூறுகள் உள்ளன. வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் சேர்த்து மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான இடம் அளிக்கப்பட்டுள்ளது. வாய்மொழித் தேர்வில் பிள்ளை ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பின்னர் ஓர் ஒளிக்காட்சியைப் பார்த்துத் தேர்வாளருடன் அதனையொட்டி உரையாட வேண்டும். பயிற்சித் தாள்களை அடுக்கடுக்காகச் செய்வதன் மூலம் இத்திறன் வருவதில்லை. தான் அறியாத பெரியவர் ஒருவருடன் தமிழில் தயக்கமின்றிப் பேசிப் பழகிய பிள்ளைக்கே அது கைவரும்.

மூன்றாவதாக, தமிழ் பாடப்பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் நற்குணமும் குடிமையும் பற்றிய பாடங்கள் தாய்மொழியில் கற்பிக்கப்படுகின்றன. பெரியோரை மதித்தல், அண்டை அயலாரோடு இணங்கி வாழ்தல், நாட்டின்பால் கடப்பாடு கொள்ளுதல் ஆகியவற்றைத் தமிழ் மாணவன் தமிழ்ச் சொற்களின் வழியாகவே முதலில் எதிர்கொள்கிறான். எனவே, கட்டாயக் கல்வியின் இரண்டாம் நோக்கமாகிய நாட்டுணர்வுக்கும் தாய்மொழிக்கும் இடையே பள்ளியில் நெருங்கிய தொடர்பு உள்ளது. தமிழை வாரத்திற்கு ஓரிரு மணி நேரத் துணைப்பாடமாகச் சுருக்கிவிடும் வீட்டில் இத்தொடர்பு அறுந்துபோகும்.

வீட்டுச் சூழலும் பேச்சுத் தமிழும்

இல்லக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் வீட்டில் பேசப்படும் மொழி எது என்பது இங்கு முதன்மையான வினாவாகிறது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தையே பேசினர். தமிழை அவ்வாறு பேசியோர் 2.5 விழுக்காட்டினர். தமிழ் பேசாத தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு, நாள்தோறும் தமிழ் ஒலிக்கும் இடம் பள்ளியின் தமிழ் வகுப்பு ஒன்றே. அப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கினால் அவ்விடமும் இல்லாமற் போகிறது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. தாத்தாவும் பாட்டியும் உடன் வாழ்ந்து, தமிழே புழங்கும் வீட்டில், இல்லக் கல்வி தமிழுக்குப் பெருவாய்ப்பாக அமையலாம். பள்ளிப் பிள்ளைக்குக் கால அட்டவணை ஒதுக்கும் நேரம் மட்டுமே தமிழ் நேரம். இல்லக் கல்விப் பிள்ளையோ சமையலறையில் அளவைகளையும், தேக்கா சந்தையில் காய்கறிகளின் பெயர்களையும், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் தன் முன்னோர் வரலாற்றையும் தமிழிலேயே கற்கலாம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்திற்கு ஐந்து நாள், ஆண்டுக்கு 40 வாரம் எனக் கொண்டாலும் ஆண்டுக்கு 200 மணி நேரம். ஆறு ஆண்டுகளில் 1,200 மணி நேரம். இந்நேரத்தை நிரப்பத் தமிழில் பேசும் ஆள் வீட்டில் இருக்கிறாரா என்பதே வினா.

தமிழின் இரட்டை வழக்கும் கருதத்தக்கது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கைக்குப் பின், சிங்கப்பூர் வகுப்பறைகளில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் அளிக்கப்பட்டது. எழுத்துத் தமிழே உயர்ந்தது என்னும் எண்ணத்துடன் வளர்ந்த பெற்றோர், பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் எழுத்து வழக்கைத் திணித்தால், அது பேசுவதையே நிறுத்திவிடும். வட்டார வழக்கை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கோ தரமான பொதுப் பேச்சு வழக்கு அயலாகத் தோன்றும். எவ்விடத்தில் எவ்வழக்கு என்பதைக் காட்டிக் கொடுப்பது பயிற்சி பெற்ற தமிழாசிரியர் செய்யும் நுட்பமான பணி. பெற்றோர் தாமே அதனைச் செய்ய முன்வரும்போது, தம் தமிழைப் பற்றியும் புதிதாகச் சிந்திக்க வேண்டியவர் ஆகின்றனர்.

மலேசியச் சூழலோடு ஓர் ஒப்பீடு

அண்டை நாடாகிய மலேசியாவின் நிலையோடு ஒப்பிட்டால், சிங்கப்பூர் ஏற்பாட்டில் தமிழ் பெறும் இடம் மேலும் தெளிவாகும். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக 29ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. நடப்புப் பள்ளி ஆண்டின் ஜனவரி முதல் தேதியன்று ஆறு வயதை எட்டிய பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு உண்டு. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை மக்களவை 2025ஆம் ஆண்டில் நிறைவேற்றியது.

சட்டத்தின் அமைப்பு இவ்வாறு ஒத்திருந்தாலும் தமிழைப் பொறுத்தவரை விளைவு வேறு. மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும் பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் கைவிடப்பட்டன. இடைநிலைக் கல்வியின் முடிவில் வரும் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறுவது கட்டாயம்; தமிழ்மொழி விருப்பப் பாடமே. மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழை உறுதிசெய்வது தேர்வன்று. தமிழ்ப்பள்ளி என்னும் நிறுவனமே. பினாங்கில் 1816ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் வகுப்பின் வழிவந்த இருநூறாண்டு மரபு அது. அங்கு இல்லக் கல்வியை நாடும் குடும்பம், தமிழ்ப்பள்ளியை விட்டு விலகும் அப்பொழுதே, தமிழைக் காப்பது முற்றிலும் தன் விருப்பத்தைச் சார்ந்த செயலாகிவிடுவதை உணர வேண்டும். சிங்கப்பூரில் தேர்வு தமிழைக் கேட்கிறது. மலேசியாவில் கேட்பவர் எவரும் இல்லாமற் போகலாம். இரு நிலைகளிலும் தமிழைக் கொடுக்க வேண்டியது வீடே.

முடிவெடுக்கும் முன் எழுப்ப வேண்டிய வினாக்கள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களை ஐந்தாகத் தொகுக்கலாம்.

முதல் வினா, கற்பிப்பவர் யார் என்பது. ஆறு ஆண்டுகள் நாள்தோறும் கற்பிக்கும் ஒருவர் வேண்டும். அவர் நோயுற்றாலோ, அடுத்த பிள்ளை பிறந்தாலோ, முதியோரைப் பேண நேர்ந்தாலோ மாற்றாக வருபவர் யார் என்பதும் இதில் அடங்கும். பெரும்பாலும் ஒருவர் வருமானத்தை இழக்க நேர்வதால், குடும்பத்தின் பொருளியல் நிலையும் இவ்வினாவோடு பின்னியுள்ளது.

இரண்டாம் வினா, தமிழை யார் கற்பிப்பர் என்பது. இதனைத் தனி வினாவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏனைய மூன்று பாடங்களையும் திறம்படக் கற்பிக்கவல்ல பெற்றோர் பலர், தமிழைத் தாமே தொடக்கநிலை அளவில் மட்டும் பயின்றவராக இருக்கலாம். துணைப்பாட ஆசிரியரை அமர்த்தினாலும், அவர் வராத நாள்களில் வீட்டில் தமிழ் ஒலிக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வினா, பிள்ளை யாருடன் பழகும் என்பது. வேற்றினப் பிள்ளைகளோடும் தமிழ்ப் பிள்ளைகளோடும் ஒருசேரப் பழகும் வாய்ப்பு வேண்டும். தமிழ் பேசும் நண்பர் ஒருவரேனும் இல்லாத பிள்ளைக்குத் தமிழ் பெரியவர்களின் மொழியாகவே தோன்றும். விளையாட்டுக்கும் கேலிக்கும் சண்டைக்கும் உரிய மொழியாக ஒருபோதும் ஆகாது.

நான்காம் வினா, முன்னேற்றத்தை எவ்வாறு அறிவது என்பது. தம் பிள்ளையின் எழுத்தைத் தாமே திருத்தும் பெற்றோர், ஒன்று மிகையாக மெச்சுவர் அல்லது மிகையாகக் கடிவர். ஆண்டிற்கு இருமுறையேனும் வெளியாசிரியர் ஒருவர் பிள்ளையின் வாசிப்பையும் பேச்சையும் எழுத்தையும் மதிப்பிடுவது நன்று. தமிழில் ஏற்படும் பின்னடைவைத் தொடக்கநிலை மூன்றாம் ஆண்டில் கண்டறிந்தால் சீர்செய்யலாம். ஆறாம் ஆண்டில் கண்டறிந்தால் நாள் போதாது.

ஐந்தாம் வினா, மீள்வழி யாது என்பது. இல்லக் கல்வி ஒத்துவராதபோது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதைத் தோல்வியாகக் கருதும் மனநிலை பிள்ளைக்கே தீங்காகும். பள்ளிப் பாடத்திட்டத்தின் படிநிலைகளை ஓரளவேனும் ஒட்டிச் சென்றால் மீள்வது எளிதாகும். தொடக்கக் கல்விக்குப் பின்னர் என்ன என்பதையும் இங்கேயே எண்ண வேண்டும். வீட்டிலேயே தொடரும் பிள்ளைகள் பின்னாளில் தேசியத் தேர்வுகளைத் தனித் தேர்வர்களாக எழுதலாம். உயர்நிலையில் சாதாரண நிலைத் தேர்வுக்கு மாற்றாக 2027ஆம் ஆண்டிலிருந்து புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வு அறிவிக்கப்பட்டுள்ளது என்பதையும் திட்டமிடுவோர் கருத வேண்டும்.

தமிழாசிரியரின் பங்கு

இல்லக் கல்வியைப் பள்ளிக்கு எதிரான செயலாகக் கருதி ஒதுங்கி நிற்பது தமிழாசிரியர்க்குப் பொருந்தாது என்பது நம் துணிபு. அப்பிள்ளையும் அதே தமிழ்த் தேர்வை எழுதவிருக்கும் பிள்ளையே. நம் மொழியைப் பேசவோ கைவிடவோ இருக்கும் அடுத்த தலைமுறையின் ஒருவரே. பெற்றோர் ஆலோசனை நாடி வரும்போது, அனுப்புங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் விடையளிப்பதைவிட, வீட்டில் தமிழ் யார் பேசுவார், எப்பொழுது பேசுவார் என்று கேட்பதே பயனுள்ள தொடக்கம்.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய பணிகள் பல உள. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வாய்மொழிப் பயிற்சிக்கும் ஆண்டு மதிப்பீட்டுக்கும் துணைநிற்கலாம். நூலகக் கதைநேரங்களையும் ஏப்ரல் மாதந்தோறும் நடைபெறும் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளையும் இக்குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தலாம். அவற்றில் பங்கேற்கப் பிள்ளை பள்ளி ஒன்றின் வழியாகப் பதிய வேண்டும் என்னும் நிலை இருப்பின், தனியாகப் பதியவும் வழி செய்யலாம். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் ஆராய்வதற்கும் இங்கு இடம் உண்டு. வகுப்பறை இன்றித் தமிழ் கற்கும் பிள்ளையின் சொல்வளம், இரட்டை வழக்கை அது கையாளும் முறை, பெற்றோர் பயன்படுத்தும் கற்பித்தல் உத்திகள் ஆகியவை தனி ஆய்வுக்குரியவை. அவ்வாய்வுகள் இல்லக் கல்விக்கு மட்டுமன்றி, வீட்டில் தமிழ் புழங்காத பள்ளிப் பிள்ளைகளுக்கும் வழிகாட்டும்.

முடிவுரை

இல்லக் கல்வி நல்லதா தீயதா என்னும் பொது வினாவுக்குப் பொது விடை இல்லை. சட்டம் அதற்கு இடமளிக்கிறது. அதே வேளையில், பள்ளி செய்யும் அனைத்தையும் வீடு செய்யுமா என்று கேட்கவும் செய்கிறது. தகுதி, பாடத்திட்டம், நேரம், அறிக்கை, தேர்வு, அளவுகோல் என அக்கேள்வி பல வடிவங்களில் வருகிறது. தமிழ்க் குடும்பம் அக்கேள்விக்கு விடை காணத் தொடங்கும் இடம் தமிழாகவே இருத்தல் வேண்டும். ஏனைய பாடங்களில் உள்ள குறையை நூல்களாலும் பொருட்செலவாலும் ஓரளவு ஈடுசெய்யலாம். தமிழில் உள்ள குறையை நாள்தோறும் தமிழ் பேசும் மனிதரால் மட்டுமே ஈடுசெய்ய முடியும். அத்தகையவர் வீட்டில் இருப்பின் பெற்றோர் துணிந்து விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாம். இல்லையெனில், விண்ணப்பிக்கும் முன் அவரைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும். கிடைக்காதவிடத்துப் பிள்ளையைப் பள்ளியின் தமிழ் வகுப்பிற்கு அனுப்புவதே அப்பிள்ளைக்கும் தமிழுக்கும் நன்மை பயக்கும்.